சீட்டு மாறிய மண்

மண் பரிசோதனை வேலை என்றால் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கண்ணாடிக் குழாயை ஆட்டுகிற வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெயிலில் குனிந்து வெட்டி, பையில் அள்ளி, சீட்டுக் கட்டுகிற வேலை அது. பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரியில் பெயிலாகி, மறுபடி எழுத மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. அம்பாசமுத்திரத்தில் ஒரு சின்னப் பரிசோதனை மையம். சங்கரி அக்கா சோதிப்பார், நான் மண் கொண்டுவருவேன். ஆள்பலம் அவ்வளவுதான். பையும் மண்வெட்டியுமாகத் திரிகிற உங்களுக்கும் இதில் பாதி நடந்திருக்கும். மீதிப் பாதி நடக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்: நம்பி மண் கொடுத்த ஒரு மனுஷனுடைய மூன்று ஏக்கரை நான் வேகவைக்கப் பார்த்தேன்.

சலித்த மண்

சுடலைமுத்து அண்ணாச்சிக்கு மலையடிவாரத்தில் செம்மண் நிலம். உளுந்து போட்டால் முளைக்கும், நிற்கும், காய்க்காது. மண் எடுக்க நான் போனபோது அவரே ஒரு பையில் எடுத்துக் கட்டி வைத்திருந்தார். அவிழ்த்துப் பார்த்தால் ரவை மாதிரி இருக்கிறது. கல், வேர், புழு ஒன்றும் கிடையாது. கிணற்றடியில் எரு போட்ட பாத்தியிலிருந்து எடுத்து இரண்டு தடவை சலித்தாராம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் தலை சீவி விட்டது போல.

அது சரிவராது, வயலில் பத்து இடத்தில் அரையடி ஆழம் வெட்டி, எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, கடைசியில் நிற்கிற அரைக் கிலோதான் கணக்கு என்று சொன்னேன். வெட்டும்போது ஒரு உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காட்டினேன். வேரில் முடிச்சே இல்லை. மண்ணில் அமிலம் ஏறிப்போனால் முடிச்சுக் கட்டுகிற பாக்டீரியாவுக்கு அங்கே பிழைப்பு இல்லை. சுண்ணாம்புக்கல் தூள் போட்டு அமிலத்தை இறக்கினால் அது திரும்பத் தலையெடுக்கும். இதையெல்லாம் படபடவென்று சொல்லி முடித்தேன். அண்ணாச்சி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சலித்த மண்ணில் ஒரு பிடி எடுத்து என் பைக்குள் போடப் பார்த்தார். கையைத் தட்டிவிட்டேன். அவர் கெஞ்சலாகச் சொன்னார்:

"கொஞ்சூண்டு சேத்துக்கிடு தாயி. மொத்தமா பெயிலாவுறதுக்கு ஒரு முப்பத்தஞ்சாவது வாங்கட்டுமே."

துணி புதைத்தவள்

மண்ணில் நுண்ணுயிர் எவ்வளவு சுறுசுறுப்பு என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. வெள்ளைப் பருத்தித் துணியைக் கையளவு வெட்டி, அரையடி ஆழத்தில் புதைத்து, மேலே குச்சி நட்டுவிட வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் தோண்டினால், நல்ல மண்ணில் துணி கந்தலாகியிருக்கும். சோம்பேறி மண்ணில் அப்படியே கிடக்கும். அன்றைக்கே அண்ணாச்சி வயலில் ஆறு துணி புதைத்தேன். தனியாக ஒரு பெண் வயல் நடுவில் உட்கார்ந்து வெள்ளைத் துணி புதைக்கிறாள் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வரப்பேறி வருவதற்குள் ஏழெட்டுப் பேர் என் ஸ்கூட்டியைச் சுற்றி நின்றார்கள். சாவி ஒருத்தர் கையில். பக்கத்து வயல்காரர், "யாரு ஏவி விட்டான்னு சொல்லு, பெறவு வண்டியத் தாறேன்" என்கிறார். நுண்ணுயிர் என்றேன், காதில் வாங்கவில்லை. ஒரு அம்மா மண்ணை அள்ளி என் மேல் எறிந்தார். சத்தம் கேட்டுச் சுடலைமுத்து அண்ணாச்சி ஓடிவந்தார். சாவியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எல்லாரும் கலைந்து போய்விட்டார்கள்.

"ஏலே, செய்வினை வைக்கதுக்கு இந்த வயலுல என்னல இருக்கு? வைக்கவன்லா ஏமாந்து போவான்."

பெட்டித் தண்ணீர்

தலையில் ஒட்டின மண்ணோடு நேரே முக்கூடல் பக்கம் தேவசகாயம் அண்ணாச்சி நிலத்துக்குப் போனேன். பத்திர ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டை வீட்டை விட்டு வந்து மூன்று ஏக்கரில் முதல் தடவையாக விதைக்கப் போகிறார். இந்த ஒரு விதைப்பு சரியாக வராவிட்டால் நிலத்தைக் கொடுத்துவிட்டு டவுனுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். என்னைப் பார்த்ததும் முதலில் அதைத்தான் சொன்னார். அவருடையதும் செம்மண். அங்கேயும் வெட்டி எடுத்தேன்.

இனிமேல்தான் என் கூத்து. ஒவ்வொரு வயலுக்கும் இரண்டு பை. ஈர மண் உள்ள பை ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் நுண்ணுயிர்க் கணக்கு மாறிவிடும். பி.எச்., அதாவது அமில அளவு பார்க்கிற பை வெளியே இருக்க வேண்டும். பைக்கு உள்ளே ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு, இரண்டும் பென்சிலில் எழுத வேண்டும். எனக்குப் பொறுமை கிடையாது. நாலு பையையும் ஐஸ் பெட்டிக்குள்ளேயே திணித்தேன். வெளிச்சீட்டு மட்டும் கட்டினேன், அதையும் பேனாவால் எழுதினேன். அம்பாசமுத்திரம் வந்து திறந்தால் ஐஸ் உருகி, பைகள் தண்ணீரில் மிதக்கின்றன. சீட்டில் நீலக் கறைதான் மிச்சம். நனைந்த செம்மண் எல்லாம் ஒரே நிறம். இரண்டு நிமிஷம் பார்த்தேன். இதுதான் மலையடிவாரம், இதுதான் முக்கூடல் என்று மனசுக்குப் பட்டதைப் புதுச் சீட்டில் எழுதிக் கட்டிவிட்டேன். சங்கரி அக்கா ஈரப் பையைத் தூக்கிப் பார்த்து, "ஏட்டி ஜெனி, இது சரியான சீட்டுதானா?" என்று கேட்டார். ஆமா என்றேன். அக்கா பெருமூச்சு விட்டார்.

"நீ ஆமான்னு சொல்லிட்டா எனக்கு வேற வழியில்ல. இங்கன மண்ணப் பாத்தவ நீ ஒருத்திதான்."

முத்திரை வைத்த காகிதம்

முடிவு வர இரண்டு மாதம் ஆயிற்று. முக்கூடல் மண் அமிலம், சுண்ணாம்புக்கல் தூள் போட வேண்டும். மலையடிவார மண்ணுக்குச் சுண்ணாம்பு வேண்டாம். அந்த வாரம்தான் சுடலைமுத்து அண்ணாச்சி வயலில் புதைத்த துணிகளைத் தோண்டினேன். துவைத்தால் உடுத்திக்கொள்ளலாம், அப்படி முழுசாக இருந்தன. குறையில்லாத மண்ணில் துணி ஏன் மக்கவில்லை என்று ஒரு கேள்வி அப்போதே எனக்கு வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ பசிதான். நோட்டில் 'துணி முழுசு' என்று எழுதிவிட்டுப் புரோட்டா சாப்பிடப் போனேன்.

தேவசகாயம் அண்ணாச்சி தானே வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார். மண்ணில் கரியை, அதாவது கார்பனை, சேர்த்து வைக்கலாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். சுண்ணாம்பு போட்டால் அது கூடுமா என்று கேட்டார். சங்கரி அக்கா மழுப்பாமல் சொன்னார்: அமிலம் இறங்கினால் முதலில் நுண்ணுயிர் விழித்துக்கொண்டு, இருக்கிற மக்கைத் தின்று மூச்சு விடும். அதனால் முதலில் கரி போகத்தான் செய்யும். பிறகு பயிர் நன்றாக வேர் விட்டு, சுண்ணாம்புச் சத்து மண்ணைக் கட்டியாகப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் தங்கும். தங்குகிறதா என்று வருஷக்கணக்கில் அளந்தால்தான் தெரியும். அண்ணாச்சிக்கு அந்தப் பதிலே பிடித்துப்போயிற்று. போகும்போது, "எதுக்கும் நிலத்தை ஒரு தடவை நீங்களே பாத்துக்கிடுங்க" என்று அக்கா சொன்னதற்கு முத்திரையைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் எந்த நிலத்தையும் கண்ணால பாத்து கையெழுத்துப் போட்டதில்லம்மா. காகிதம் சரியா இருந்தா நிலமும் சரியாத்தான் இருக்கும்."

சோடாச் சத்தம்

ஐப்பசி பிறந்து ஒரு வாரம். இரண்டு மூன்று நாளில் மழை வரும், அதற்குள் சுண்ணாம்பு போட்டு உழுதுவிட வேண்டும் என்று தேவசகாயம் அண்ணாச்சி அவசரப்பட்டார். அளவு சரியாகத் தூவுகிறார்களா என்று பார்க்க அக்கா என்னை அனுப்பினார். போனால், கூலிக்கு வந்த பேச்சி அக்காவும் இன்னும் நாலு பெண்களும் கையில் தேங்காயெண்ணெய் தடவி, முகத்தில் துணி கட்டி, முறத்தால் தூவிக்கொண்டிருக்கிறார்கள். கீழ்வரப்பில் டிராக்டர் ரோட்டவேட்டரை இறக்கி உழ ஆரம்பித்துவிட்டது. மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது.

எனக்குத் தூளைப் பார்த்ததும் சந்தேகம். சுண்ணாம்புக்கல் தூள் இவ்வளவு வெளுப்பாக, மாவு மாதிரி இருக்காது. சுவருக்கு அடிக்கிற நீற்றின சுண்ணாம்பு போல இருந்தது. கல்தூள் பைய வேலை செய்யும். நீற்றினது உடனே காந்தும், அளவு கூடினால் மண்ணில் உள்ள புழு, பூச்சி, நுண்ணுயிர் எல்லாவற்றையும் வேகவைத்துவிடும். பையில் எப்போதும் சொட்டு விடுகிற ஒரு அமிலப் புட்டி வைத்திருப்பேன். கல்தூளில் அமிலம் பட்டால் பொங்கும். புதிதாக நீற்றின சுண்ணாம்பு அப்படிப் பொங்காது. சொட்டினேன். பொங்கவில்லை. சரி, அண்ணாச்சி மாற்றி வாங்கிவிட்டார், அவர் தப்பு என்று ஒரு நிமிஷம் நிம்மதி. அப்போது புட்டி சாய்ந்து நாலு சொட்டு பக்கத்தில் சுண்ணாம்பு படாத வெறும் மண்ணில் விழுந்தது.

மண் பொங்கியது. நுரைத்துக்கொண்டு சத்தமே போட்டது. அமில மண் பொங்கவே பொங்காது. ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்த மண்தான் பொங்கும். பத்தடி தள்ளிப் போய்ச் சொட்டினேன், பொங்கியது. நடுவில் சொட்டினேன், பொங்கியது. வரப்பை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்: உழவில் பெயர்ந்த வெள்ளை வெள்ளையான சுக்கான் கற்கள், எல்லாம் சுண்ணாம்பு. பேச்சி அக்கா முகத்துணியை இறக்கிவிட்டு என் பின்னாலேயே வந்து நின்றார்.

"ஏளா, என்னளா மண்ணு சோடா மாதிரி சத்தம் போடுது? இதுக்குப் போயி மேல வேற சுண்ணாம்பக் கொட்டச் சொன்ன புண்ணியவதி யாரு?"

போனில்

டிராக்டருக்கு முன்னால் ஓடிப் போய் நின்றேன். டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். நான் நகரவில்லை. அண்ணாச்சி மோட்டார் ரூமிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்று சத்தம் போட்டார். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டுச் சங்கரி அக்காவுக்குப் போன் பண்ணினேன். தூள் பொங்காததையும் மண் பொங்கியதையும் சொன்னேன். சீட்டு அழிந்ததையும், மனசுக்குப் பட்டதை எழுதினதையும் அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன். அக்கா எட்டு வருஷமாகத் தனியாக நின்று கட்டிக் காப்பாற்றுகிற மையம் அது. அண்ணாச்சி வாங்கியிருப்பது நீற்றின சுண்ணாம்பா என்று கேட்டார். ஆமா என்றேன்.

அக்கா தாழ்ந்த குரலில் சொன்னார்: சுண்ணாம்பை மாற்றி வாங்கிவிட்டீர்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்து, மற்றதை நான் வந்து பேசிக்கொள்கிறேன். சாகிறவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தது போல இருந்தது எனக்கு. அதில் பொய்யும் கிடையாது. அவர் மாற்றித்தான் வாங்கியிருந்தார். என் பெயர் வெளியே வராது. ஆனால் அதை மட்டும் கேட்டால் அவர் என்ன செய்வார்? காகிதத்தில் உள்ளபடி கல்தூள் வாங்கி, அதே மண்ணில் மறுபடி கொட்டுவார். நீற்றினது கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவார். மலைப் பக்கத்திலிருந்து ஈரக்காற்று வந்தது. அக்கா வந்து சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். மழை அதற்குக் காத்திருக்காது. போனை வைக்காமலேயே அண்ணாச்சியிடம் போய், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன்: காகிதத்தில் இருப்பது உங்கள் மண் இல்லை, சீட்டு அழிந்தது, நான்தான் மாற்றி எழுதினேன், இந்த நிலத்துக்குச் சுண்ணாம்பே ஆகாது. அவர் முகம் செத்துப்போயிற்று. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்து, முத்திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இதுல எழுதியிருக்கது யாரு நிலம்?"

விளக்குமாறு

திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். நேரமில்லை என்று பேச்சி அக்காதான் எல்லாரையும் கிளப்பினார். இன்னும் தூவாமல் குவியலாகக் கிடந்ததைச் சாக்கில் திருப்பி அள்ளினோம். தூவினதை மேல்மண்ணோடு மண்வெட்டியால் வழித்தோம். வழிக்க முடியாத இடத்தில் தென்னை விளக்குமாறு. வயலைப் பெருக்கியிருக்கிறீர்களா நீங்கள்? மூன்று ஏக்கர் வயலை? சுண்ணாம்பு மூக்கில் ஏறி இருமல் நிற்கவில்லை. என் விரல் இடுக்கெல்லாம் வெந்து எரிந்தது. டிராக்டர் டிரைவரும் இறங்கி வந்து சாக்கைப் பிடித்தார். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சங்கரி அக்கா வந்து வண்டியை வரப்பில் போட்டுவிட்டு நேரே ஒரு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். முதல் தூறல் விழுந்தபோது கீழ்வரப்புத் துண்டு மட்டும்தான் மிச்சம். அதை எடுக்கவும் முடியாது. டிராக்டர் ஏற்கெனவே சுண்ணாம்பை அரையடி ஆழம் கலந்து உழுதுவிட்டது. எல்லாரும் மோட்டார் ரூமில் ஒதுங்கினோம். அண்ணாச்சி மட்டும் மழையில் நின்று, அந்தத் துண்டில் வெள்ளைத் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழ ஆரம்பித்தேன். பேச்சி அக்கா திரும்பிப் பார்த்தார்.

"அழுதா அழு, கண்ண மட்டும் கசக்காத. கையில சுண்ணாம்பு இருக்கு, குருடாப் போயிருவ மூதி."

கவிழ்த்த டப்பா

மறுநாள் சுடலைமுத்து அண்ணாச்சிக்குப் புதுக் காகிதம் கொண்டுபோனேன். பழையது தப்பு, உங்களுக்குத்தான் கல்தூள் வேண்டும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தன் மண் பெயில் என்பது அவருக்கு முதலிலேயே தெரியுமாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பாதி வயலில் தூள் போட்டு, பாதியைச் சும்மா விட்டோம். என்னை வேலையை விட்டு அனுப்புவதா வேண்டாமா என்று சங்கரி அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. தேவசகாயம் அண்ணாச்சி நிலத்துக்கு வாராவாரம் போய் அளக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அளப்பது இப்படி: ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மண்ணில் கவிழ்த்து, உள்ளே ஒரு கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர் வைத்தால், மண் விடுகிற மூச்சை அந்தத் தண்ணீர் பிடித்துவைக்கும். மேல்வயலில் மூச்சு ஓடியது, அங்கே உளுந்தும் முளைத்தது. கீழ்த்துண்டில் ஒன்றுமே இல்லை. மண் செத்துவிட்டதா என்று கேட்டேன். "அதையும் அப்படியே நம்பாத. மூச்சுல வாற கரியை அந்தச் சுண்ணாம்பே குடிச்சிரும், கிண்ணத்துக்கு என்ன வரும்?" என்றார் அக்கா. ஆக, எவ்வளவு கெட்டது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. உயிர் திரும்புமா, எப்போது திரும்பும் என்றும் தெரியாது. மேல்வயல் பச்சையாக நிற்க, கீழே வெள்ளையும் மஞ்சளுமாக நாலைந்து செடி தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

நாலாவது வாரம் அண்ணாச்சி வரப்பில் வந்து நின்றார். நிலத்தைக் கொடுத்துவிடுவீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மேல்வயலைப் பார்த்து வீட்டுக்காரம்மாவுக்குத் திருப்தியாம், இந்த வருஷம் நிலத்தைக் கொடுக்கவில்லையாம். அப்படியே கீழ்த்துண்டை நீளவாக்கில் நடந்து காலடியால் அளந்தார், திரும்பி வந்தார், என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இதுல போனது பதினஞ்சு சென்ட்டு. அன்னைக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா மூணு ஏக்கரும் போயிருக்கும். அதுக்காக உன்னய மன்னிச்சிட்டேன்னு மட்டும் நினைச்சிராத."

இந்த வேலையில் எத்தனை வருஷ அனுபவம் என்று யாராவது கேட்டால் நான் இப்போதெல்லாம் பதினைந்து சென்ட் என்றுதான் சொல்கிறேன்.